கேள்வி-பதில்: கேலக்ஸியை வண்ணத்தில் எடுக்க எதை வாங்கலாம், எதை விடலாம்?

இந்த முறை கேலக்ஸி படங்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பொருள் எதுவானாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கினால் ஒரு இரவில் உங்கள் சென்சாருக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சம் கூடுமா?

கேள்வி: என்னிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் 200 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. ஆண்ட்ரோமெடாவை எடுக்க ஆசை. முதலில் டெலஸ்கோப் வாங்கவா, குளிரூட்டிய (சென்சாரைக் குளிரவைக்கும்) கேமரா வாங்கவா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வானம் சுழலும் வேகத்தில் கேமராவைத் திருப்பும் டிராக்கர்தான் உங்கள் முதல் செலவு.

ஆண்ட்ரோமெடா மங்கலானதுதான், ஆனால் சிறியதில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருந்தும் வானத்தில் சுமார் 3 டிகிரி நீளத்துக்குப் படுத்திருக்கிறது. ஆறு முழுநிலவை வரிசையாக வைத்தால் வரும் நீளம். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சாரில் உங்கள் லென்ஸ் ஏறக்குறைய ஆறரை டிகிரி அகலத்தைப் பிடிக்கும். இடம் தாராளம், குறைவது நேரம்தான். டிராக்கர் இல்லாமல் இந்த லென்ஸில் இரண்டு விநாடி தாண்டினாலே நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். டிராக்கரின் அச்சை வானத் துருவத்தை நோக்கி ஒழுங்காகப் பிடித்து வைத்தால் ஒன்றிரண்டு நிமிடம் தாராளமாகத் திறந்து வைக்கலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் இருக்கும் சுமை அளவு கண்ணால் பார்ப்பவர்களுக்குப் பொருந்தும். படமெடுப்பவர்கள் அதில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஓராண்டுக்குள் டெலஸ்கோப் வாங்குவது உறுதி என்றால் டிராக்கரை விட்டுவிட்டு, ஆட்டோ கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பிசகைத் தானே திருத்துவது) வசதியுள்ள ஈக்வடோரியல் மவுண்டுக்கே, அதாவது வானச் சுழற்சியைப் பின்தொடரும் டெலஸ்கோப் தாங்கிக்கே போய்விடுங்கள். இரண்டு முறை செலவழிப்பது மிச்சம்.

கேள்வி: நகரத்தின் நடுவில் வசிக்கிறேன். ட்யூயல்-பேண்ட் ஃபில்டர் போட்டால் மொட்டை மாடியிலிருந்தே கேலக்ஸியை எடுக்கலாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

அந்த ஃபில்டர் மோசமான பொருள் இல்லை. நெபுலாக்களுக்கு அது அருமையானது. ஒளிரும் வாயு மேகங்கள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் ஒளி விடுகின்றன: ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் என்று. அந்த இரண்டு கீற்றுகளை மட்டும் உள்ளே விட்டு மீதியை அடைத்தால் நகர வெளிச்சம் போய்விடும், நெபுலா தங்கிவிடும்.

கேலக்ஸி அப்படி இல்லை. அதன் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டு ஒளி. நீலத்திலிருந்து சிவப்பு வரை தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது. மையத்தில் வயதான நட்சத்திரங்களின் மஞ்சள், கரங்களில் இளம் நட்சத்திரங்களின் நீலம், இரண்டும் அந்த ஃபில்டர் அடைக்கும் பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. தெருவிளக்கை வெட்டுகிறேன் என்று நீங்கள் வெட்டுவது கேலக்ஸியையும் சேர்த்துத்தான். மிஞ்சியதிலிருந்து இயற்கையான நிறத்தை மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது.

அகலப் பட்டை 'லைட் பொல்யூஷன்' ஃபில்டர்களின் கதை கொஞ்சம் வேறு. பழைய சோடியம் விளக்குகளின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிக் குவிந்திருந்தது. அதை மட்டும் கத்தரிப்பது எளிதாக இருந்தது. வெள்ளை எல்இடி விளக்கு நிறமாலை முழுவதும் பரவுகிறது. எதைக் கத்தரிப்பது?

மாற்றுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நகர வானத்தின் பிரகாசம் சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) 18 மேக்னிட்யூட், ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் 21 என்று வையுங்கள்; இந்த அளவில் எண் கூடினால் இருட்டு கூடும். மூன்று மேக்னிட்யூட் என்றால் கிட்டத்தட்ட 16 மடங்கு. மங்கலான கரங்களைப் பொறுத்தவரை இருட்டில் எடுக்கும் ஒரு மணி நேரம், மாடியில் எடுக்கும் 16 மணி நேரத்துக்குச் சமம். ஃபில்டருக்கு ஒதுக்கிய பணத்தைப் பயணத்துக்கு வையுங்கள். போக முடியாதவர்கள் நிலவில்லாத இரவுகளில், கேலக்ஸி உச்சிக்கு அருகில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பல இரவுகளின் படங்களைச் சேர்க்கலாம். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

விதிவிலக்கும் உண்டு. எம் 33 கேலக்ஸியின் (எம் என்பது மெசியே பட்டியலின் எண்) இளஞ்சிவப்பு முடிச்சுகள், எம் 82 கேலக்ஸியின் மையத்திலிருந்து பீறிடும் சிவப்பு இழைகள் இவையெல்லாம் ஹைட்ரஜன் ஒளி. ஃபில்டர் இல்லாமல் எடுத்த படத்தோடு அதைத் தனியே எடுத்துக் கலப்பது நல்ல உத்தி. 2022-இல் ஆண்ட்ரோமெடாவின் அருகே ஆக்சிஜன் ஒளியில் ஒரு பெரிய வளைவை அமெச்சூர் குழு ஒன்று கண்டுபிடித்ததும் குறுகிய பட்டை ஃபில்டரால்தான். அது பல இரவுகள் செலவழித்தவர்களின் வேலை. முதல் ஃபில்டராக அதை வாங்க அது காரணமாகாது.

கேள்வி: கலர் கேமராவா, மோனோ (கறுப்பு-வெள்ளை) கேமராவும் ஃபில்டர்களுமா? மோனோதான் தரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தரம்தான். ஆனால் உங்களுக்கு வருடத்தில் எத்தனை தெளிந்த இரவு கிடைக்கிறது?

கலர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி இருக்கும்: நாலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மற்ற நிறங்களை மென்பொருள் அக்கம்பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்புகிறது. மோனோவில் எல்லாப் பிக்சலும் எல்லா ஒளியையும் வாங்கும். எல்லா நிற ஒளியையும் விடும் லூமினன்ஸ் ஃபில்டரில் வடிவத்தை விரிவாக எடுத்துவிட்டு, நிறத்துக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். கேலக்ஸி போன்ற அகலப் பட்டை ஒளிக்கு இது உண்மையிலேயே அனுகூலம்.

விலை கேமராவோடு நிற்காது. ஃபில்டர் சக்கரம், நான்கு ஃபில்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃப்ளாட் படங்கள் (தூசி நிழலையும் ஓரக் கருமையையும் நீக்க, சீரான வெளிச்சத்தில் எடுப்பவை). சிவப்பும் பச்சையும் முடித்து நீலம் தொடங்கும்போது மேகம் வந்தால் அன்றைய இரவு அரைகுறை. கலர் கேமராவில் பாதியில் நின்றாலும் கையில் ஒரு வண்ணப் படம் இருக்கும். அதனால் முதல் கேமராவாக நான் கலரையே சொல்வேன்.

குளிரூட்டிய கலர் கேமராக்களில் சோனியின் ஐஎம்எக்ஸ் 571 சென்சார் உள்ளவை கேலக்ஸிக்கு நல்ல தேர்வு: ஏபிஎஸ்-சி அளவு, 26 மெகாபிக்சல், 3.76 மைக்ரான் பிக்சல், 16 பிட். இதே சென்சாரைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெட்டியில் போட்டு விற்கின்றன. எனவே சென்சாரை விட்டுவிட்டு உத்தரவாதம், சென்சாரின் சாய்வைச் சரிசெய்யும் வசதி, பனி படியாமல் தடுக்கும் ஹீட்டர் இவற்றை ஒப்பிடுங்கள். முன்கண்ணாடியில் யூவி/ஐஆர் தடுப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் டெலஸ்கோப்பில் நட்சத்திரங்கள் ஊதிப்போகும், நிறமும் கெடும். அந்த ஒரு ஃபில்டரைத் தனியே வாங்கத்தான் வேண்டும்.

கேள்வி: எம் 51 கேலக்ஸி சிறியது என்பதால் 2000 மி.மீ. குவியத் தூரம் உள்ள டெலஸ்கோப் வாங்க நினைக்கிறேன். சரியா?

முதல் டெலஸ்கோப்பாக என்றால் சரியில்லை. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுங்கள். 3.76 மைக்ரானுக்கு 2000 மி.மீ.-இல் பிக்சலுக்கு 0.39 ஆர்க்செகண்ட் வரும். காற்றின் நடுக்கமோ சாதாரண இரவில் நட்சத்திரத்தை 2 முதல் 4 ஆர்க்செகண்டுக்குக் கலைத்துவிடுகிறது. கலங்கியதையே பெரிதாக்கி என்ன பயன்? இந்த நீளத்தில் பரவலாகக் கிடைப்பவை எஃப்/10 (துளையைப் போல் பத்து மடங்கு குவியத் தூரம்) என்பதால் ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் குறைவு, மவுண்டும் கைடிங்கும் கொஞ்சம்கூடப் பிசகக் கூடாது.

800 முதல் 1000 மி.மீ. போதும். 1000 மி.மீ.-இல் எம் 51-இன் 11 ஆர்க்நிமிட (660 ஆர்க்செகண்ட்) நீளம் சுமார் 850 பிக்சலுக்கு வரும். வெட்டி எடுத்தால் அழகான படம். அந்த அளவில் நியூட்டோனியன் டெலஸ்கோப் மலிவு, லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிப்பதால் நிறப் பிசிறும் இல்லை. ஆனால் ஓர நட்சத்திரங்களுக்கு வால் முளைப்பதைச் சரிசெய்யும் கோமா கரெக்டரையும் சேர்த்து விலை போடுங்கள், ஆடிகளை அடிக்கடி நேராக்கவும் பழகுங்கள். ஆண்ட்ரோமெடா, எம் 33, எம் 81-82 ஜோடி போன்றவைதான் இலக்கு என்றால் 400 மி.மீ. பக்கம் ஒரு ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) தலைவலி குறைந்த வழி. இதில் நிறத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்: மலிவான இரட்டை லென்ஸில் நீலம் சரியாகக் குவியாமல் நட்சத்திரங்களைச் சுற்றி வளையம் கட்டும்.

கேள்வி: எல்லாம் தானாகச் செய்யும் ஸ்மார்ட் டெலஸ்கோப் எப்படி?

பார்க்க, பகிர, பழக நல்லது. எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வையுங்கள். பரவலாக விற்கும் சீஸ்டார் எஸ் 50-இல் 50 மி.மீ. துளை, 250 மி.மீ. குவியத் தூரம், இரண்டு மெகாபிக்சல் சென்சார். எம் 51 அதில் 275 பிக்சல் நீளத்துக்குத்தான் இருக்கும். போன் திரையில் மகிழ்ச்சி தரும், சுவரில் மாட்டப் போதாது. எந்த மாடலானாலும் ஒவ்வொரு எக்ஸ்போஷரையும் ஃபிட்ஸ் (வானப் படங்களுக்கான மூலக் கோப்பு வடிவம்) கோப்பாகச் சேமிக்கிறதா, இணையம் இல்லாத இடத்தில் ஆப் வேலை செய்கிறதா, இந்த இரண்டையும் வாங்கும் முன்னே உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: ஸ்டாக்கிங் (பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) செய்த பிறகு படம் முழுக்கப் பச்சை, சரிசெய்தால் சாம்பல். விலை கொடுத்து பிக்ஸ்இன்சைட் வாங்கினால் நிறம் வருமா?

பச்சைக்குக் காரணம் சென்சாரில் பச்சைப் பிக்சல் இரட்டிப்பாக இருப்பதும், பச்சைக்கு அதன் உணர்திறன் அதிகமாக இருப்பதும். மென்பொருளை மாற்ற அவசரம் இல்லை, வேலையின் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

சிரில் என்ற இலவச மென்பொருள் போதும். ஸ்டாக்கிங் முடிந்ததும், படத்தை இழுத்துப் பிரகாசமாக்கும் முன்பே, பின்னணி வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நீக்குங்கள். கிராக்ஸ்பர்ட் என்ற இலவசக் கருவியும் இதற்கு உதவும். அடுத்து ஃபோட்டோமெட்ரிக் கலர் கேலிபரேஷன். அது உங்கள் படத்து நட்சத்திரங்களை வான அட்டவணையோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு நீலம், எது எவ்வளவு சிவப்பு என்று கணக்குப் போட்டு நிறத்தைச் சமன்செய்யும். கண் அளவில் ஸ்லைடரை நகர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம்தான் இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பிரகாசமான மையமும் நட்சத்திரங்களும் வெள்ளையாகிவிடும், அங்கே நிறம் போனது போனதுதான். சிரிலில் உள்ள ஆர்க்சைன்ஹச் (asinh) முறை நிறத்தைக் காப்பாற்றும். அதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள். நிறச் செறிவைக் கடைசியில் கூட்டுங்கள், மையம் மஞ்சளும் கரம் மெல்லிய நீலமும் ஆனதும் கையை எடுத்துவிடுங்கள். பளீர் நீலக் கரங்கள் வந்தால் அளவு மீறிவிட்டது.

இவ்வளவு செய்தும் சாம்பல்தான் என்றால் வெளிச்சம் போதவில்லை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் (படத்தின் மணல் போன்ற புள்ளிகளுக்கும்) உள்ள விகிதம் நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் மேம்படும். இரண்டு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். பிக்ஸ்இன்சைட் சிறந்த மென்பொருள், கற்றுக்கொள்ளப் பொறுமையும் வேண்டும். சோதனைக் காலப் பதிப்பில் உங்கள் கோப்பையே போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஏஐ இரைச்சல் நீக்கி?

அளவாகப் பயன்படுத்தினால் தவறில்லை. கேலக்ஸிக்கென்று பழக்காத பொதுவான புகைப்படக் கருவிகளை மட்டும் தவிருங்கள்; இல்லாத தூசிக் கோடுகளைப் படத்தில் வரைந்து வைக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: பழைய குளிரூட்டிய கேமரா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

விற்பவர் காட்டும் முடித்த படத்தைப் பார்க்காதீர்கள். ஸ்டாக் செய்யாத ஒற்றை எக்ஸ்போஷர் ஒன்று, மூடி போட்டு எடுத்த ஐந்து நிமிட டார்க் ஒன்று, ஃப்ளாட் ஒன்று கேளுங்கள், மூன்றும் ஃபிட்ஸாக. ஒற்றைப் படத்தின் நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, டார்க்கில் ஒரு பக்கம் மட்டும் வெளிறுகிறதா, ஃப்ளாட்டில் பனி படிந்த தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். குளிரூட்டி சொன்ன வெப்பநிலைக்கு இறங்கி அரைமணி நேரம் அங்கேயே நிற்கிறதா என்பதை நேரிலோ வீடியோ அழைப்பிலோ காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கேமரா தேடுங்கள்.