நகையை அடகு வைக்கும் முன்

அம்மா, தம்பி பி.காம். கடைசி வருடம், தரவுகளை அலசிச் சொல்லும் டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான், அதற்குப் பயிற்சி மையத்தில் ஐம்பதாயிரம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும் என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். தொடங்கத் தேவையான கருவிகள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களுடைய எழுத்தறிவு விகிதத்தை எடுத்து, வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் பை சார்ட் போட்டிருக்கிறான். 32 நிறங்களில் எது தருமபுரி, எது அரியலூர் என்று தேடியே கண் வலித்துவிட்டது. அதோடு, பை சார்ட் என்பது ஒரே முழுமையைப் பங்கு போட்டுக் காட்டுவது. இங்கே ஒவ்வொரு மாவட்டத்தின் விகிதமும் தனித்தனி நூற்றுக்கு. கூட்டினால் ஒரு பொருளும் இல்லை.

அதையே பட்டைகளாகக் காட்டும் பார் சார்ட்டாக்கி, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். உச்சியில் கன்னியாகுமரி, கிட்டத்தட்ட 92. அடியில் தருமபுரி, 68 சொச்சம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். அப்புறம், அளவுகோல் 0-இல் தொடங்கட்டும். 60-இல் தொடங்கினால் கன்னியாகுமரியின் பட்டை தருமபுரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு நீளும். உண்மையில் ஒன்றரை மடங்குகூட இல்லை. கருவியை யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்தக் கவனம்தான் ஆளை வேலைக்கு எடுக்க வைக்கும்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன். முதலில் எக்செல். நீண்ட பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் கைக்கு வரும்வரை ஒரு மாதம் அதிலேயே உட்காரட்டும், பி.காம். படித்த பிள்ளைக்கு அதுதான் சோறு போடும். அடுத்து, தரவைப் படங்களாக்கிக் காட்டும் பவர் பிஐ டெஸ்க்டாப். இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம், ஆனால் விண்டோஸ் கணினி வேண்டும். அதே வேலையைச் செய்யும் டாப்லோ பப்ளிக்கும் இலவசமே. அதில் வெளியிடுவதை ஊர் உலகமே பார்க்கலாம் என்பதால், தெரிந்தவர் கடைக் கணக்கையெல்லாம் ஏற்றிவிடக் கூடாது. வரைபடம் போட டேட்டாராப்பர் எளிது, பிரவுசரிலேயே ஓடும். பைத்தான் என்ற நிரல்மொழியைப் பிறகு பார்க்கலாம்.

பயிற்சிக்கான தரவு, அரசின் திறந்தநிலைத் தரவுத் தளத்தில் கொட்டிக் கிடக்கிறது. மூன்று மாதத்தில் மூன்று படங்கள் போதும். ஒவ்வொன்றின் தலைப்பும் விஷயத்தைச் சொல்ல வேண்டும்: ‘மாவட்ட வாரியாக எழுத்தறிவு’ என்று வேண்டாம், ‘எழுத்தறிவில் தருமபுரி கடைசி’ என்று இருக்கட்டும். அவற்றை எடுத்துக்கொண்டு தம்பியை என்னிடம் அனுப்புங்கள். பயிற்சி மையம் வேண்டுமா என்று அப்போது பேசுவோம்.