போன் விளையாட்டும் பிள்ளையின் மூச்சும்

கேள்வி: எனது மகனுக்கு ஏழு வயது. சென்ற வருடம் வியர்வைப் பரிசோதனை செய்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று சொன்னார்கள். காலையிலும் மாலையிலும் முகமூடி பொருத்திய ஒரு கருவிக்குள் ஊதி, சளியை இருமித் துப்ப வேண்டும். இருபது நிமிட வேலை. ஆனால் ஒரு மணி நேரம் அழுகை. நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போன் விளையாட்டைக் கொண்டே இந்தப் பயிற்சியைச் செய்விக்கலாம் என்று கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி சொல்கிறான். போனைக் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தம்பி சொல்வது உண்மை, மாமியாரின் பயமும் வீண் பயம் அல்ல.

அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 7ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள ஒரு மரபணு பழுதுபட்டிருப்பதால், உயிரணுக்களின் மென்சவ்வு வழியே உப்பும் நீரும் சரியாகப் போய்வர முடியாமல், நுரையீரலில் ஊறும் சளி பசைபோல இறுகிவிடுகிறது. (பிள்ளையை முத்தமிடும்போது உங்கள் உதட்டில் உப்புக் கரித்திருக்கும், அதுவும் இதே பழுதினால்தான்.) தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதிகள் இரண்டு வந்து சேர்ந்தால் மட்டுமே இந்நோய் உண்டாகும். ஆகையால், பனியில் திரிந்ததால் பிடித்த சளி என்றோ, வயிற்றில் பிள்ளையோடு கொழுந்து பறித்ததால் வந்தது என்றோ அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஊதும்போது அந்தக் கருவி மூச்சுக்குச் சிறு தடை கொடுக்கிறது. தடையினால் ஏற்படும் அழுத்தம், வழக்கமாக 10 முதல் 20 சென்ரிமீற்றர் உயர நீரைத் தள்ளும் அளவு, மூடிக்கொள்ளப் பார்க்கும் சிறிய மூச்சுக்குழாய்களைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த இடைவெளியில் காற்று சளிக்குப் பின்புறம் சென்று, அதை முன்னே நகர்த்துகிறது. இதற்கு மூச்சை நிதானமாக உள்ளே இழுத்து, இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, பிறகு மூன்று நான்கு விநாடி சீராக ஊத வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து தடவை ஊதிய பின், கண்ணாடியைத் துடைக்கும்போது 'ஹா' என்று ஊதுவோமே, அதே மாதிரி வாயைத் திறந்து இரண்டு மூன்று தடவை காற்றை வெளியே தள்ளினால், மேலே ஏறிய சளி இருமலோடு வந்துவிடும். இதையே சில சுற்றுகள் செய்ய வேண்டும், தினமும், காய்ச்சல் இல்லாத நாளிலும், பள்ளி விடுமுறையிலும். ஏழு வயதுப் பிள்ளை அழுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பெரியவர்களுக்கே அலுத்துப்போகும் வேலை இது.

இந்த அலுப்புத்தான் விளையாட்டை உள்ளே கொண்டுவந்தது. இந்நோயுள்ள இரண்டு மகன்களின் தாய் ஒருவர், பயிற்சியை விளையாட்டாக்க முடியுமா என்று கேட்டதிலிருந்து, 2016இல் பிரித்தானியாவின் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஃபிஸ்ஸியோ என்ற ஒரு முயற்சி பிறந்தது. பிள்ளை ஏற்கனவே பாவிக்கும் ஊதுகருவியில் ஒரு சிறிய உணரியைப் பொருத்தினால், அது மூச்சின் அழுத்தத்தை அளந்து, கம்பியில்லாமல் டேப்லட்டுக்கு அனுப்பும். விரலுக்குப் பதிலாக மூச்சே விளையாட்டை ஓட்டும். பின்னர் லண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் சேர்ந்து, பிள்ளைகள் வீட்டில் எப்படி ஊதுகிறார்கள் என்பதை இதே உணரி கொண்டு நீண்ட காலம் ஆராய்ந்தன. பிள்ளை சொல்வதையும் தாய் சொல்வதையும் மட்டுமே நம்பியிருந்த எங்களைப் போன்ற இயன்மருத்துவர்களுக்கு (பிசியோதெரபிஸ்டுகளுக்கு), ஒவ்வொரு மூச்சும் பதிவாவது என்பது விளையாட்டை விடப் பெரிய விடயமாகும்.

ஆனால், தம்பி போனில் இறக்கித் தரக்கூடிய ஊதும் விளையாட்டுகள் வேறு சாதி. அவை போனின் மைக்கில் விழும் சத்தத்தைத்தான் கேட்கின்றன. மார்புக்குள் இருக்கும் அழுத்தம் அவற்றுக்குத் தெரியாது. எங்கள் கிளினிக்குக்கு வந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், மெழுகுவர்த்தியை அணைக்கும் ஒரு விளையாட்டில் எல்லோரையும் வென்றான். அருகில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் வித்தை புரிந்தது. கன்னத்தை உப்பவைத்து, 'ப்பு, ப்பு, ப்பு' என்று வாயளவிலேயே காற்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். புள்ளிகள் மளமளவென்று ஏறின. மார்பில் வைத்த என் கைக்கு எந்த அசைவும் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளை செய்வான். எனவே, எந்த விளையாட்டையும் மகனிடம் கொடுக்குமுன், வேகமாக ஊதினால் வெற்றியா, நீளமாக ஊதினால் வெற்றியா என்று நீங்களே ஒரு தடவை ஊதிப் பாருங்கள். வேகத்துக்குப் பரிசு தருவதாக இருந்தால், அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

உங்களிடம் உள்ள சாதாரண போனையே வேறு விதமாகப் பாவிக்கலாம். பத்து மூச்சும் 'ஹா'வும் இருமலும் ஒழுங்காக முடிந்தால், மூன்று நிமிடம் அவனுக்குப் பிடித்த விளையாட்டு. பிறகு அடுத்த சுற்று. எத்தனை மூச்சு என்று எண்ணும் பொறுப்பை மாமியாரிடமே விடுங்கள். போனைக் கொடுப்பதும் வாங்குவதும் அவர் கையில் இருந்தால், போனைப் பற்றிய அவரது பயமும் பாதியாகிவிடும். ஊதும்போது போன் மடியில் இருக்கக் கூடாது, ஏனென்றால் குனிந்த முதுகோடு ஆழமாக மூச்சிழுக்க முடியாது. முழங்கையை மேசையில் ஊன்றி நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்கும் தோட்டங்களில், டேட்டா இல்லாமல் ஓடும் விளையாட்டாகத் தெரிவு செய்வது நல்லது. பாதியில் நின்றுபோனால் பயிற்சியும் அதோடு நின்றுவிடும். அடுப்பு எரியும் நேரத்தில் காம்பரா அறைக்குள் வேண்டாம், வெளியே இஸ்தோப்பில் (திண்ணையில்) செய்யட்டும். சளியை இளக்கும் நெபுலைசர் (மருந்தைப் பனிபோலாக்கி மூச்சில் சேர்க்கும் கருவி) கொடுத்திருந்தால் அது பயிற்சிக்கு முன்னால். நுண்ணுயிர்க்கொல்லி நெபுலைசர் பயிற்சிக்குப் பின்னால். சாப்பிட்ட கையோடு ஊதவைத்தால் வாந்திதான் வரும்.

போனே இல்லாத ஒரு விளையாட்டும் உண்டு. போத்தலில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் ஊற்றி, அகலமான குழாயின் நுனி அடியைத் தொடும்படி விட்டு, பிள்ளையை ஊதச் சொல்வார்கள். குழாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நீரைத் தள்ளித்தான் குமிழி வெளிவரும் என்பதால், நீரின் உயரமே அழுத்தத்தின் அளவாகிவிடுகிறது. அந்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் நுரை ஏறி, போத்தலின் வாய் வழியே வழியும். ஒரு சிறுமி அதைப் பார்த்து 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. நீளமாக ஊதினால்தான் பொங்கும், ஏமாற்ற வழியில்லை. ஆயினும், உங்கள் இயன்மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பின்னரே இதைத் தொடங்க வேண்டும். நீரை உறிஞ்சிவிடாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தேங்கிய நீரில் வளரும் கிருமிகள் இப்பிள்ளைகளின் நுரையீரலுக்குப் பெரும் பகை என்பதால், கொதித்தாறிய நீரையே ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்றி, முடிந்ததும் கொட்டிவிட்டுக் குழாயைக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

சளியில் இரத்தம் கண்டாலோ, திடீரென்று நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, ஊதுவதை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. அவளுக்கும் இந்த ஊதும் விளையாட்டுகளைக் கொடுக்கலாமா?
– ஒரு தகப்பன், பதுளை

பதில்: வேண்டாம். இழுப்பில் பிரதானமாக மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. பலமாக ஊதினால் சில பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் கூடும். அவளுக்கு முக்கியமானது, இன்ஹேலரை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் பொருத்தும் குழாயோடு) சரியாக இழுப்பது. அதில் விளையாட்டு வேண்டுமானால், ஸ்பேசர் வழியாக நிதானமாக இழுத்துவிடும் ஐந்து மூச்சுகளை அவளது பொம்மைக்கும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: எனது வகுப்பில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள மாணவன் ஒருவன் இருக்கிறான். இடைவேளையில் ஊதுகருவியை எடுத்தால், மற்றப் பிள்ளைகள் தாங்களும் ஊதிப் பார்க்கச் சண்டை பிடிக்கிறார்கள். அவனது இருமல் மற்றவர்களுக்குத் தொற்றுமா?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

பதில்: இது பிறவியிலேயே வரும் நோய், யாருக்கும் தொற்றாது. அவனது இருமலை அடக்கச் சொல்லவும் கூடாது, ஏனென்றால் சளி வெளியே வருவதுதான் அவனுக்கு நல்லது. துப்புவதற்குக் கடதாசியும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் பக்கத்தில் இருந்தால் போதும். கருவியை மட்டும் வேறு எந்த வாயும் தொடக் கூடாது. ஆசைப்படும் பிள்ளைகளை, யார் அதிக நேரம் ஒரே மூச்சில் ஊதுவது என்று கையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து ஊதச் சொல்லிப் பாருங்கள். அந்தப் போட்டியில் அவனே ஜெயிக்கவும் கூடும், தினமும் பழகுகிறவன் அல்லவா!

உங்கள் பாடசாலையிலேயே இதே நோயுள்ள இன்னொரு பிள்ளை சேர்ந்தால், இருவரையும் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். இந்நோயுள்ளவர்கள் ஒருவரின் நுரையீரல் கிருமியை மற்றவருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பதால், அவர்கள் ஆறடியாவது விலகியிருக்க வேண்டும் என்பது விதி. தன்னைப்போல ஊதும் இன்னொரு பிள்ளையை நேரில் பார்க்கவே முடியாத நோய் இது. அந்தப் பிள்ளைகள் மாலையில் தத்தம் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் ஒருவரையொருவர் பார்த்தபடி ஊதினால், அதற்கு எந்தப் பெற்றோரும் போனைத் தர மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.