சக்கை எரிந்தால் கணக்கில் எவ்வளவு?

(மொரிஷியஸ் சர்க்கரை ஆலைகளில் கொதிகலன் பொறியாளராக இருந்தவர் நம் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, கரும்புச் சக்கையை எரித்தால் கரியமில வாயு சுழியம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். புகைபோக்கி புகைகிறதே?

பதில்: புகைகிறது தம்பி. ஒரு கிகா ஜூல் (நூறு கோடி ஜூல்) வெப்பத்துக்குச் சக்கை ஏறத்தாழ 100 கிலோ கரியமில வாயுவை விடுகிறது. நிலக்கரி விடுவது 94.6 கிலோதான்! ஆனால் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டுதல்படி, நாட்டின் வாயு வெளியீட்டுக் கணக்கில் சக்கையின் கரியமில வாயுவை ஆற்றல் துறையின் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனிக் குறிப்பாக எழுத வேண்டும். கரும்பு அதைக் காற்றிலிருந்து எடுத்தது சென்ற பருவத்தில். அடுத்த பருவத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளும். அந்த வரவு செலவு, பயிரும் காடும் எடுப்பதையும் விடுவதையும் பதியும் நிலக் கணக்கைச் சேர்ந்தது. இங்கேயும் எழுதினால் இரட்டைப் பதிவு.

கேள்வி: அப்படியானால் ஆலையின் கணக்கில் எதுவுமே வராதா?

பதில்: மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கட்டாயம் வரும். அவற்றைப் பயிர் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒரு டன் ஈரச் சக்கைக்கு இரண்டும் சேர்ந்து புவியைச் சூடாக்குவதில் சுமார் 14 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இங்கே ஒரு பிழையைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி தண்ணீர். டன்னுக்கு ஏறத்தாழ 7.5 கிகா ஜூல்தான் கிடைக்கும். எடையை ஈரத்தோடு எடுத்துவிட்டு, ஐபிசிசி அட்டவணையில் பொதுவாகத் தரப்பட்டுள்ள 11.6-ஐப் பெருக்கினால் விடை ஒன்றரை மடங்காகிவிடும். முதலில் ஈரப்பதத்தை அளந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் விடுதியின் மின்சாரக் கணக்குக்கு, யூனிட்டுக்கு இவ்வளவு கரியமில வாயு என்ற ஒரே எண்ணை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. வெட்டுக் காலம் முடிந்து சக்கை தீர்ந்ததும், அதை எரித்து மின்சாரம் தந்த அதே நிலையங்கள் நிலக்கரிக்கு மாறுகின்றன. மாதவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

கேள்வி: வயலில் கரும்பின் காய்ந்த இலையான சோகையைக் கொளுத்துகிறோம். அதுவும் உண்டா?

பதில்: உண்டு. மேலே சொன்ன அந்த இரண்டு வாயுக்களும் வேளாண் கணக்கில் ஏறும். சோகையை மூடாக்காக விட்டுவிடுங்கள், மண்ணும் ஈரம் காக்கும்.

கேள்வி: பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் புவா ரூஜ், லெ கோல் மின் நிலையங்கள் நிலக்கரியை விட்டு, இறக்குமதி செய்த மரக்குருணைக்கு (மரத்தூளை அழுத்திச் செய்த எரிபொருள்) மாறிவிட்டன. அதுவும் சக்கையைப் போலத்தானே?

பதில்: காகிதத்தில் அப்படித்தான். மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் அந்த இழப்பு ஏறுகிறது. பன்னாட்டுக் கப்பல் எரிபொருளோ எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் சேர்வதில்லை. கரும்பு ஓராண்டில் திரும்ப வளரும். முழு மரமாக வெட்டியிருந்தால் அது வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். மர ஆலையின் கழிவிலிருந்து செய்த குருணை என்றால் நிலைமை வேறு. எதிலிருந்து செய்தது, எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்காமல் நான் சுழியம் எழுதமாட்டேன்.