எத்தனை முறை மருந்து வைத்தாலும் அபார்ட்மெண்டில் எலி, பெருச்சாளி திரும்பத் திரும்ப வருகிறதே, என்னதான் வழி?

கழிவுநீர் லைனைப் பாருங்கள். மருந்தெல்லாம் அதற்குப் பிறகு. உங்களுடையதும் பழைய கட்டடம், கீழே பார்க்கிங், பின்பக்கம் சேம்பர் (கழிவுநீர் பைப்புகள் சேரும் மூடி போட்ட தொட்டி) என்று இருக்கும் என நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சென்னை மேற்கு மாம்பலத்தில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சங்கக் கூட்டத்தில் பெருச்சாளிப் பேச்சு வந்தாலே எல்லாரும் எங்களைத்தான் பார்ப்பார்கள். "கீழ் வீட்டுக்காரங்க குப்பையைத் திறந்து போடறாங்க" என்பார்கள். ஒரு ஆள் மாதாமாதம் வந்து எலி கேக் வைப்பார். கொஞ்ச நாள் சத்தம் அடங்கும், பிறகு பழையபடி ஆரம்பித்துவிடும்.

பார்க்கிங் ஓரத்தில் தரைக்கல் உள்வாங்கிக்கொண்டே இருந்தது. மண் கொட்டி நிரவினாலும் மறுபடி இறங்கியது. கொட்டிய மண் எங்கே போகிறது என்று யோசித்து, சேம்பர் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே அடியில் செம்மண் படிந்திருந்தது. குளிக்கிற, துவைக்கிற தண்ணீர் போகும் லைனில் செம்மண் எப்படி வரும்? பிளம்பர் மூங்கில் பிளாச்சு விட்டுப் பார்த்து, தரையைத் தோண்டியபோது விஷயம் புரிந்தது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று முன்பு அங்கே ஒரு கழிப்பறை இருந்திருக்கிறது. அதை இடித்தவர்கள் பைப் வாயை அடைக்காமல் மேலே தரை போட்டுவிட்டார்கள். தெரு மேன்ஹோலிலிருந்து பெருச்சாளிகளுக்கு அதுதான் பாதை. மூட்டு விட்டுப்போன ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப் வழியாக வெளியே வந்து, கட்டடத்துக்கு அடியிலேயே வளை பறித்திருந்தன. பறித்த மண்தான் லைனுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பழைய கழிப்பறையின் செத்த லைனை வெட்டி இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்து அடைத்தோம். உடைந்த பகுதிக்கு பிவிசி பைப் போட்டோம். சேம்பர் மூடிகளின் உடைந்த மூலைகளைச் சரிசெய்தோம். சுவரில் பைப் நுழையும் ஓட்டைகளில் இரும்பு வலையைத் திணித்து மேலே பூசினோம். வெறும் சிமெண்ட் என்றால் காய்வதற்குள் பெருச்சாளி சுரண்டிவிடும். இவ்வளவுக்கும் பிறகு வைத்த கேக்தான் பலன் கொடுத்தது.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். புரோமடயோலோன் கேக் ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. ஆனால் எலியின் சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான். பாதை திறந்திருந்தால் செத்ததற்கு ஈடாகப் புதிது வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் கண்ட மருந்தையும் வைக்கவே வைக்காதீர்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியவில்லை. மூஞ்சூறையும் எலி என்று அடிக்காதீர்கள், அது கரப்பானைத் தின்கிற வேறு பிராணி.

எனக்கு ஆறாத கோபம் இன்னொன்று. மழைத் தண்ணீரில் நின்று பார்க்கிங்கைக் கழுவிய எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, கெண்டைக்கால் வலியில் நடக்க முடியாமல் கிடந்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்னச் சிராய்ப்பு, அது போதும். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சங்கத்தில் பணம் இல்லை என்றார்கள். முகப்புக்குப் பெயின்ட் அடிக்க இருந்தது. மெயிண்டனன்ஸ் கட்டுவது வாடகைக்காரர்கள், கூட்டத்தில் பேசும் உரிமை மட்டும் ஓனருக்கு. லைனைக் கண்டுபிடித்த பிறகாவது "பெருச்சாளி வந்தது உங்கள் குப்பையால் இல்லை" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.

லைனைத் திறக்கும்போது சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்காதீர்கள். மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், விஷவாயு உயிரையே எடுத்துவிடும். சென்னையில் தெரு லைன் கோளாறு என்றால் 1916-க்குக் கூப்பிட்டு மெட்ரோ வாட்டர் வண்டியை வரவழையுங்கள்.