இரண்டு நண்பர்களாக முதுகுப்பையோடு தென் அமெரிக்கா போய்வந்தவர்கள் இருக்கிறீர்களா? மலை, திராட்சைத் தோட்டம், அருவி மூன்றும் ஒரே பயணத்தில் முடியுமா?

முடியும். அதற்குக் கண்டம் முழுக்க அலைய வேண்டாம், அர்ஜென்டினா ஒன்றே போதும். நானும் என் கல்லூரித் தோழனும் ஒரு மார்ச் மாதம் மூன்று வாரம் சுற்றினோம். மேற்கே ஆண்டிஸ் அடிவாரத்தில் மெண்டோசா, வடகிழக்கு மூலையில் இகுவாசு அருவி. மற்ற நேரமெல்லாம் பேருந்துக்குள்தான்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் குடிப்பான், கறி தொடமாட்டான். நான் கறி தின்பேன், குடிக்கமாட்டேன். இருவரையும் சேர்த்தால்தான் ஒரு முழு அர்ஜென்டினாக்காரன் தேறுவான். "சின் கார்னே" (கறி இல்லாமல்) என்று கேட்டு அவன் வாங்கிய முதல் எம்பனாடாவுக்குள் (உள்ளே எதையாவது வைத்து மடித்த மாவுப் பலகாரம்) பன்றித் தொடைக்கறி இருந்தது. அந்த ஊரில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டுக்கறி. மற்றதெல்லாம் அந்தக் கணக்கில் வராது போல. அடுத்த மூன்று வாரமும் பாலாடைக்கட்டி, கீரை, சோளம் வைத்த எம்பனாடாக்கள்தான் அவனுக்குச் சாப்பாடு.

புவெனஸ் அயர்ஸிலிருந்து மெண்டோசா ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், ஓர் இரவுப் பேருந்து. "காமா" என்று கேட்டு வாங்குங்கள், இருக்கை நன்றாகச் சாயும். "செமி காமா" விலை குறைவு, முதுகுக்கு ஆகாது.

திராட்சைத் தோட்டத்தை நான்தான் பட்டியலில் கடைசியாகப் போட்டிருந்தேன். குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் இன்று யாராவது பயணத்தைப் பற்றிக் கேட்டால் மெண்டோசாவில்தான் ஆரம்பிக்கிறேன். காரணம், போன அன்று இரவே அந்த ஊர்ச் சாக்கடையில் விழுந்தேன். சாக்கடை என்று நான்தான் நினைத்தேன். அது அசேகியா, அதாவது பாசன வாய்க்கால். மெண்டோசாவின் தெருக்களில் சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே மூடியில்லாமல் ஓடுகிறது. தெருவோர மரங்கள் அத்தனையும் அந்தத் தண்ணீரைக் குடித்து நிற்பவை. இருட்டில் ஒரு கால் தொடை வரை உள்ளே போக, முதுகில் இருந்த பதினான்கு கிலோ மீதியை முடித்துவைத்தது. நண்பன் முதலில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அப்புறம்தான் கை கொடுத்தான். கணுக்கால் வீங்கிவிட்டது. விடுதி அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்து, இங்கே எல்லோரும் ஒரு முறை விழுந்தவர்கள்தான் என்று சைகையில் சொன்னார்.

அந்த ஊரில் ஆண்டுக்கு மழை 200 மில்லிமீட்டர் அளவில்தான். நம் மாநிலச் சராசரி 900-க்கு மேல். சுத்தமான பாலைவனம் அது. ஸ்பானியர் வருமுன்பே அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹுவார்பே மக்கள் பனி உருகி வரும் ஆற்றை வாய்க்கால் வெட்டித் திருப்பியிருக்கிறார்கள். 1861 நிலநடுக்கத்தில் நகரம் தரைமட்டமாகி, அகலமான தெருக்களோடு மீண்டும் கட்டியபோதும் வாய்க்கால் கூடவே வந்தது. இன்றும் மாகாணப் பரப்பில் பாசனம் பெறும் நிலம் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. அந்தத் துண்டு நிலத்திலிருந்துதான் நாட்டின் ஒயினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வருகிறது.

மறுநாள் பக்கத்திலிருக்கும் மைப்பூ. எல்லோரும் சைக்கிள் எடுத்துத் தோட்டம் தோட்டமாகச் சுற்றும் இடம். என் கால் பெடலை மிதிக்காது. அவன் மால்பெக் ஒயின் ருசிக்க உள்ளே போக, நான் வெளியே வாய்க்கால் கரையில் உட்கார்ந்தேன். பழைய தோட்டம், கொடியெல்லாம் பந்தலில். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்து வளர்ந்தவனுக்கு, பூமிக்கு மறுபக்கம் வந்தும் அதே நிழல்!

அறுவடை முடிந்த பாத்திக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். சின்ன இரும்பு ஷட்டரைத் தூக்கினார். தண்ணீர் காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெல்ல உள்ளே நுழைந்தது. முதல் பாத்தி நிறைந்ததும் மண்ணை ஒரு வெட்டு வெட்டி அடைத்து, அடுத்ததைத் திறந்தார். கைபேசி மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். "துர்னோ" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நம்மூர் முறைத்தண்ணீர்தான். தலைவாய்க்காலில் இவருக்கு முறை விடுபவருக்குப் பெயர் தொமேரோ, நம் ஊர் நீர்ப்பாய்ச்சி மாதிரி. வாய்க்காலுக்கு ஒரு மேற்பார்வையாளர். தண்ணீர் வாங்குபவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1884-இல் போட்ட தண்ணீர்ச் சட்டம் இன்னும் நிற்கிறது. அதன்படி தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை விற்றால் கூடவே போகும், தனியே பிரித்து விற்க முடியாது. இதைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பெரியப்பாவை இவர் எதிரில் உட்கார வைத்தால் மொழியே தேவைப்படாது என்று தோன்றியது.

நண்பன் மூன்று கோப்பைக்கு அப்புறம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தோட்டத்தைப் போர்த்தியிருந்த கறுப்பு வலையைக் காட்டி, "மச்சான், எவ்வளவு பறவைடா இங்கே!" என்றான். அது ஆலங்கட்டி மழைக்கான வலை. கால் மணி நேர ஆலங்கட்டி ஒரு வருட விளைச்சலை உதிர்த்துவிடும்.

அடுத்தது மலை. சிலி எல்லைக்குப் போகும் 7-ஆம் எண் சாலையில் விடியற்காலைப் பேருந்து. அகொன்காகுவா 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. பூங்காவின் வாசலே 2,800 மீட்டருக்கு மேல், நம் தொட்டபெட்டா உச்சிக்கும் மேலே. நண்பன் அனுமதிச் சீட்டு எடுத்து கொன்ஃப்ளுயென்சியா முகாம் வரை நடந்தான். நான் நொண்டிக்கொண்டு ஓர்கோனெஸ் ஏரி வரை மட்டும். இதற்காக முந்தின நாள் எங்களுக்குள் சண்டையே நடந்தது. நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று அவன், எனக்காக உட்காராதே என்று நான். கடைசியில் அவன் போனதுதான் சரி. தலைவலியோடு திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை.

ஏரிக்கரையிலிருந்து சிகரத்தின் தெற்கு முகம் முழுதாகத் தெரிகிறது. எனக்கு ஆனால் கண் போனது பக்கத்தில் கலங்கலாக ஓடிய ஓர்கோனெஸ் ஆற்றின் மேல். அது குவேவாஸ் ஆற்றில் சேர்ந்து, அது மெண்டோசா ஆறாகி, அப்புறம் கீழே வாய்க்காலாகப் பிரிகிறது. நான் விழுந்த வாய்க்கால்!

இகுவாசுவுக்கு நடுவில் வண்டி மாறி ஒன்றரை நாளுக்கு மேல் ஆனது. காசு இருந்தால் விமானம் ஏறுங்கள், இதில் வீரம் ஒன்றும் இல்லை. மண் செக்கச்செவேல் என்று மாறும்போது ஊர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். குட்டி ரயிலில் போய் இறங்கி, ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இரும்புப் பாலத்தில் நடந்தால் 'சாத்தானின் தொண்டை' என்ற பெரிய அருவி. 275 அருவிகள் என்பார்கள், ஆற்றில் நீரைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். எண்பது மீட்டர் பள்ளத்தில் விழுந்து புகையாக எழும்பி வருகிறது. அந்தப் புகைக்குள் சின்னக் குருவிகள் பாய்ந்து, விழும் நீருக்குப் பின்னால் இருக்கும் பாறையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எதிர்க்கரை பிரேசில். அதற்குத் தனி விசா, நாங்கள் எடுக்கவில்லை. இப்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

சராசரியாக விநாடிக்கு ஐம்பதாயிரம் கன அடிக்கு மேல் வரும் ஆறு அது. "மெண்டோசாக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார்டா" என்றேன். நண்பனுக்குக் காதில் விழவில்லை. அவனுடைய சீஸ் எம்பனாடா பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கோவாட்டியை (வளையவளையமாக வால் உள்ள, பூனை அளவு பிராணி) துரத்திக்கொண்டிருந்தான்.

போகிறவர்களுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டு, அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். டாலர் தாள்கள் மடிப்பு, பேனாக் கோடு இல்லாமல் இருக்கட்டும். மார்ச் முதல் வாரம் மெண்டோசாவில் அறுவடைத் திருவிழா, அறையை முன்பே பிடித்துவிடுங்கள். அப்புறம், அங்கே இரவில் நடக்கும்போது கைபேசியைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள்.