கூண்டில் எலி சாவதற்கு இரை காரணமல்ல, நேரம்தான்

ஆய்வுக்காக எலியை உயிரோடு பிடிக்கும் கூண்டில் சாவைக் குறைக்க இரையைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட, கூண்டுகளைப் பார்க்கும் முதல் சுற்றைக் காலை 10 மணியிலிருந்து 7 மணிக்கு இழுங்கள். பிரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து ஆட்கள் மர வரிசைக்குள், அதாவது நிரைக்குள், இறங்கும் நேரத்தில் நீங்களும் இறங்க வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் 40 கம்பிக்கூண்டு வைத்ததில் 5 எலி செத்துக் கிடந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கடலை வெண்ணெயை இன்னும் அப்பினால் எறும்புதான் கூடும்.

சாவுக்குக் காரணம் பெரும்பாலும் வெயிலாகத்தான் இருக்கும். எலியால் நம்மைப் போல வியர்த்துத் தணிய முடியாது. எச்சிலை உடம்பில் பூசிச் சூட்டைக் குறைக்கும். செத்ததைக் கையுறையோடு திருப்பிப் பாருங்கள். தாடை, கழுத்து, மார்பு மட்டும் நனைந்து முதுகு காய்ந்திருந்தால் சூடு. உடம்பு முழுக்க நனைந்து சுருண்டிருந்தால் இரவு மழையும் குளிரும். உதடு, கண்ணோரக் கடியை மட்டும் வைத்து எறும்புதான் கொன்றது என்று நம்பாதீர்கள். செத்த பிறகும் எறும்பு தின்னும்.

வெட்டி அடுக்கிய பனைமட்டைக்கு அடியில் கூண்டைத் தள்ளி, உள்ளே ஒரு பிடி காய்ந்த தேங்காய் நார் போடுங்கள். மேலே பிளாஸ்டிக் போர்த்த வேண்டாம், உள்ளே புழுங்கும். பகலில் கதவை மூடி வையுங்கள். இல்லையென்றால் மர மூஞ்சூறு மாட்டும், அது பகலில் திரிவது.

மூக்கில் ரத்தம் இருந்தால் கதை வேறாக இருக்கலாம்: தோட்டத்து எலிமருந்து. கடைசியாக எப்போது வைத்தார்கள் என்று கண்காணியிடம் கேளுங்கள்.

ஐந்து சாவையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிவிடுங்கள். 'எலிதானே' என்று விடுவது சரியல்ல. பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) தந்த அனுமதியில் எந்தெந்த இனம் இருக்கிறது என்பதையும் ஒரு முறை பாருங்கள்.