நபதிக் கவிதையும் வெள்ளை ஷாஸ் வண்டியும்

"நபதிக் கவிதை என்கிறார்களே, அது என்ன? பாலைவன நாடோடிகளான பதூக்களின் வாழ்க்கையில் அதற்கு நிஜமாகவே இடம் இருந்ததா, இல்லை டிவி போட்டிக்காக ஊதிப் பெருக்கியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அரபி படித்தவன் இல்லை. 1998இல் சவூதி போனேன். வடகிழக்கில் ஹஃபர் அல் பாத்தின் பக்கம் ஓர் ஒட்டகக்காரரிடம் 14 வருஷம் டிரைவர். தீவன வண்டியும் ஓட்டினேன், தண்ணீர் லாரியும் ஓட்டினேன். (தண்ணீர் லாரிக்கு அங்கே 'வாய்த்' என்று பேர். 'வைட்' என்ற அமெரிக்க லாரிக் கம்பெனியின் பெயர் அப்படி மருவிவிட்டது என்பார்கள்.) கீழே உள்ளதில் பாதி அங்கே காதில் விழுந்தது, மீதி ஊர் திரும்பிய பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தது.

செய்தித்தாளிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கத்திலும் வரும் இலக்கண அரபி ஒன்று. வீட்டிலும் பட்டியிலும் சந்தையிலும் பேசுகிற அரபி வேறொன்று. இலக்கண அரபியில் சொல்லின் கடைசியில் வேற்றுமை காட்டும் உயிரொலிகள் வரும். பேச்சில் அவை எப்போதோ உதிர்ந்துவிட்டன. அந்தப் பேச்சுமொழியிலேயே, ஆனால் சந்தம் பிசகாமல் கட்டுவதுதான் நபதி. பழைய அரபிகள் இராக் பக்கத்து உழவர்களை 'நபத்' என்பார்கள், அவர்கள் பேசும் அரபி கொச்சை என்று இளக்காரமாக. பெயர் அதிலிருந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பாறையைக் குடைந்து பெத்ரா நகரம் எழுப்பிய நபதேயர்களோடு நேரடியாக முடிச்சுப் போட வேண்டாம்.

இந்த இளக்காரத்துக்கு நல்ல பதில் சொன்னவர் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய தம் வரலாற்று முன்னுரையில், பனூ ஹிலால் கூட்டத்தாரின் பேச்சுமொழிப் பாட்டுகளை எடுத்துப் போட்டார். பண்டிதர்கள் இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள், ஆனால் சொல்நயத்துக்கும் வேற்றுமை விகுதிக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதாடினார். இன்றைக்கும் அரபு இலக்கியப் பேராசிரியர்களில் ஒரு சாரார் அதே முகச்சுளிப்போடுதான் இருக்கிறார்கள்.

பேச்சுமொழி என்றதும் வாய்க்கு வந்ததைப் பாடுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வோர் அடியும் இரண்டு பாதி. பெரும்பாலான நபதிக் கவிதைகளில் முதல் பாதிகள் எல்லாம் ஒரே ஒலியில் முடியும், இரண்டாம் பாதிகள் எல்லாம் இன்னோர் ஒலியில் முடியும். 30 அடி என்றால் 30 இடத்திலும் இரண்டு இயைபு. பழைய இலக்கண அரபிக் கவிதையில்கூட, முதல் அடியை விட்டால், அடியின் கடைசியில் மட்டும் இயைபு வந்தால் போதும்.

இனி என் முதலாளி. அப்போதே 70ஐத் தொட்டவர். பெயர் வேண்டாம். நான் 'அம்மீ' என்று கூப்பிடுவேன், நம்மூரில் சித்தப்பா என்பது போல. எழுதப் படிக்கத் தெரியாது. 2001 என்று நினைவு. முந்தின குளிர்காலத்தில் அவருடைய பொலி ஒட்டகத்தை ஸம்மான் மேட்டுப் பக்கம் இருந்த பங்காளி ஒருவர் இரவல் வாங்கிப் போனார். வருஷம் ஒன்றாகியும் திருப்பித் தரவில்லை. அடுத்த இணைசேரும் பருவம் நெருங்கிவிட்டது. நேரில் போய்க் கேட்டால் இவருக்குக் கேவலம், ஆள் விட்டுக் கேட்டால் அவருக்குக் கேவலம். ஒரு ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். காலையில் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கேஸட்டில் 22 அடி சொன்னார். காகிதம் கிடையாது, ஓர் இடத்தில்கூடத் தடுமாற்றமும் கிடையாது.

'வெள்ளை ஷாஸ் ஏறிப் போகிறவனே' என்று ஆரம்பித்தது அது. ஷாஸ் என்பது லேண்ட் குரூஸர் பிக்கப்புக்கு அங்கே செல்லப் பெயர், 'சேஸிஸ்' என்பதன் திரிபு. அந்த வண்டியில் ஏறிப் போகிறவன் வேறு யார், நான்தான். எஞ்சின் சத்தம், மணலில் பாய்கிற பாய்ச்சல், விடியல் தொழுகைக்குக் கிளம்பினால் எந்தக் கிணற்றடியில் வெயில் ஏறும், எந்த மேட்டில் நிழல் சாயும் எல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் ஓர் அடியில் டயர் புதுசு என்று வந்தது. பின் டயர் இரண்டும் மொட்டை.

"அம்மீ, டயர் புதுசு இல்லையே?"

"மொட்டை டயரில் தூதன் வந்தான் என்று அவன் கேட்டால் என் மானம் என்ன ஆவது? போய் மாற்றிக்கொண்டு கிளம்பு."

அன்றைக்கே ஹஃபரில் இரண்டு டயர் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதமாக நான் கேட்டுக் கிடைக்காத டயர்.

இதன் பின்னணி பிறகுதான் புரிந்தது. நபதியில் கடிதக் கவிதை என்று ஒரு பெரிய வகையே உண்டு. 'யா ராகிப்', அதாவது 'ஏறிச் செல்கிறவனே' என்று தொடங்கும். பழங்காலத்தில் அடுத்து ஒட்டகத்தின் வர்ணனை வரும்: கன்று ஈனாததால் உடம்பு குலையாத பெட்டை, நிழலைக் கண்டால் மிரண்டு பறக்கிறது, இத்யாதி. பிறகு வழி, கிணறுகளின் பெயரோடு. பிறகு போய்ச் சேருகிற கூடாரத்தின் பெருமை. விஷயம் கடைசி சில அடிகளில்தான். சாலையும் பிக்கப்பும் வந்தபோது கவிஞர்கள் ஒட்டகம் இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மீதி அச்சு அப்படியே. பெறுகிறவர் பதில் அனுப்பினால் அதே சந்தத்தில், அதே இரண்டு இயைபில் அனுப்ப வேண்டும். வேறு சந்தத்தில் பதில் போட்டால் ஆளுக்குச் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

நான்காம் நாள் அதே கேஸட்டின் மறுபக்கத்தில் பதில் வந்தது. என்னைப் பற்றியும் இருந்தது: உன் தூதன் மூன்று ஃபின்ஜான் (சின்னக் கோப்பை) கஹ்வா, அதாவது அரபிக் காப்பி, குடித்துவிட்டுக் கூடாரக் கம்பில் சாய்ந்து குறட்டை விட்டான் என்று. (உண்மைதான். 200 கிலோமீட்டர், பாதி தூரம் தார் ரோடே இல்லை.) பொலி ஒட்டகம் 20 நாளில் வரும் என்றும் சொல்லியிருந்தார். வந்தது இரண்டு மாதம் கழித்து. கிழவர் அதற்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. பதிலில் ஓர் இயைபுச் சொல் இரண்டு தடவை வந்துவிட்டதாம். வருகிற விருந்தாளியிடமெல்லாம் கேஸட்டை ஓடவிட்டு அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

ஆக, இடம் இருந்ததா என்றால், எழுத்தறியாத ஒரு சமூகத்துக்குக் கடிதம், வழக்கு, வம்பு, நாட்குறிப்பு எல்லாமே இதுதான். ஒரு கவிதையைச் சொல்லுமுன் அது பிறந்த கதையைச் சொல்வார்கள், 'ஸாலிஃபா' என்று பெயர். கதைக்குக் கவிதை சாட்சி, கவிதைக்குக் கதை உரை. செக் நாட்டு அறிஞர் அலாய்ஸ் மூஸில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருவலா பதூக்களோடு அலைந்து பாட்டுகளை எழுதியெடுத்தபோதும், பிற்காலத்தில் சவூதி ஆய்வாளர் ஸஅத் அல் ஸுவையான் தொகுத்தபோதும், இரண்டையும் சேர்த்தேதான் பதிவு செய்தார்கள்.

பஞ்சாங்கமும் அதில் உண்டு. ராஷித் அல் கலாவீ என்ற பழைய கவிஞரின் நட்சத்திர அடிகளைக் கிழவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் விடியலுக்கு முன்னால் எழுந்து தெற்கு அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஸுஹைல் தெரிந்துவிட்டால் கோடையின் முதுகெலும்பு முறிந்தது என்று கணக்கு. நம் அகத்திய நட்சத்திரம்தான் அது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் ஏமாறக் கூடாது. நபதி என்றாலே கூடாரம், ஒட்டகம், நிலா என்று படம் போடுவார்கள். பேர் பெற்ற கவிஞர்களில் நிறையப் பேர் ஊர்க்காரர்கள், பேரீச்சந்தோப்புக்காரர்கள். பதூக் கூடாரங்களில் இன்றும் சொல்லப்படுகிற கஹ்வாக் கவிதை ஒன்று 19ஆம் நூற்றாண்டில் உனைஸா நகரத்து முஹம்மத் அல் காதீ எழுதியது. கொட்டையைப் பச்சையாகவும் விடாதே, கருக்கியும் விடாதே, மஞ்சளாகி வியர்வை பூக்கும்போது எடு என்று சமையல் குறிப்புபோலப் போகும். எங்கள் பட்டியில் சூடானி மேய்ப்பர் கஹ்வா வறுக்கும்போது கிழவர் அந்த அடிகளைச் சொல்லித்தான் அதட்டுவார். வறுத்ததைப் பித்தளை உரலில் இடிக்கிற ஓசையும் சும்மா இல்லை. 'இங்கே அடுப்பு எரிகிறது, வரலாம்' என்று சுற்றுவட்டாரத்துக்குச் சொல்கிற மணி அது. கஞ்சன் உரலில் துணியைச் சுற்றி இடிப்பான் என்று கேலி செய்வார்கள்.

ஊர்க்காரர் கவிதையில் என்னை உலுக்கியது இன்னொன்று. நடு அரேபியாவின் நஜ்து பகுதித் தோப்புகளில் மோட்டார் வருமுன் 'ஸவானி' வைத்துத்தான் தண்ணீர் இறைத்தார்கள். சரிவில் ஒட்டகம் இறங்கி நடக்க, கயிறு இழுபட்டு, தோல்சால் கிணற்றிலிருந்து மேலே வந்து கவிழும். மாட்டுக்குப் பதில் ஒட்டகம் கட்டிய நம்முடைய கமலைதான். இரவெல்லாம் மர உருளை கிறீச்சிடுமாம். காதலில் தோற்ற கவிஞன், என் நெஞ்சு அந்த உருளைபோல ஓலமிடுகிறது என்பான். முதுகுளத்தூர் பக்கம் என் தாத்தா கமலை இறைத்த கிணறு தூர்ந்து கிடக்கிறது. அந்தச் சத்தத்தைச் சின்ன வயதில் கேட்டவன் நான். அரபியில் அந்த உவமையைக் கிழவர் விளக்கியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அசல் பதூ உவமை என்றால் 'கலூஜ்'. கன்றைப் பறிகொடுத்த ஒட்டகம். அது கழுத்தை நீட்டிக் கத்துகிற கத்தலைப் பக்கத்தில் இருந்து கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்தி, மோந்து பார்க்க வைத்துப் பால் கறப்பது அங்கேயும் உண்டு. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், மகனைப் போரில் இழந்தவள் எல்லோரும் கவிதையில் கலூஜாகத்தான் வருவார்கள். ஜோர்தானின் பல்கா பகுதியில் நிம்ர் இப்னு அத்வான் என்ற தலைவர் இருந்தார், மனைவி வத்ஹாவுக்கு அவர் பாடிய ஒப்பாரிகள் 200 வருஷம் கழித்தும் வாயில் புழங்குகின்றன.

ஒட்டகக் கொள்ளையைப் பாடிய கவிதைகளும் ஏராளம். கேட்க வீரமாக இருக்கும். பறிகொடுத்தவன் குடும்பம் அந்த வருஷம் எதைக் குடித்தது என்று அவற்றில் இருக்காது. இப்னு ஸவூத் அரசு நிலைபெற்று அந்தப் பழக்கத்தை நிறுத்தியது நல்லதே என்று கிழவரே சொல்வார். சொல்லிவிட்டு அதே கவிதைகளை ராகமாகவும் இழுப்பார்.

கல்யாண ராத்திரிகளில் 'கல்தா' நடக்கும், நம் எசப்பாட்டு மாதிரி. இரண்டு கவிஞர்கள், இரண்டு வரிசையாக ஆண்கள். ஒருவர் பொருளை மறைத்துக் கயிறு திரிக்க வேண்டும், மற்றவர் அதைப் பிரிக்க வேண்டும். அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், 'ஃபத்ல்', 'நக்த்' என்று. மேலுக்கு மழையைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும், உள்ளே யாரோ ஒருவருடைய நிலத் தகராறு ஓடும். எனக்கு அரபி பழகிய பிறகும் இதில் பாதிக்கு மேல் பிடிபட்டதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நானும் சிரித்துவைப்பேன்.

இப்போது டிவி. 'ஷாயிர் அல் மில்யூன்', லட்சக்கணக்கான திர்ஹம் பரிசுக்கு நபதிக் கவிஞர்கள் மோதுகிற நிகழ்ச்சி. 2006இல் அபூதபியில் தொடங்கியது. ஊதிப் பெருக்கியதா என்றால், விளக்கும் மேடையும் ஊதியதுதான். ஆனால் பட்டியில் ஜெனரேட்டர் போட்டு எட்டு பத்து கிழவர்கள் நடுவர்களைத் திட்டிக்கொண்டே பார்த்தார்கள் என்பதற்கு நான் சாட்சி. 2010இல் ஹிஸ்ஸா ஹிலால் என்ற சவூதிப் பெண், முகம் முழுக்க மூடிய நிகாபோடு மேடையேறி, வெறுப்பை விதைக்கும் ஃபத்வாக்களை (மார்க்கத் தீர்ப்புகளை) சாடிப் பாடினார். கொலை மிரட்டல்கூட வந்தது. கடைசியில் மூன்றாம் இடம், 30 லட்சம் திர்ஹம். பெண்கள் பாடுவது அங்கே புதுசு இல்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எப்போதும் கவிஞர்கள் இருந்தார்கள், அமீரகத்தின் அவ்ஷா பின்த் கலீஃபா அல் ஸுவைதி போல நாடறிந்தவர்களும் உண்டு. ஆனால் இந்த விஷயத்தை, இப்படி எல்லோர் முன்னாலும் ஒரு பெண் பாடியது புதுசு.

அன்று கூடாரத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கிழவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஃபின்ஜானைக் கீழே வைத்தார்.

"சந்தம் எங்கேயும் உடையவில்லை" என்றார்.

அடுத்த நிமிஷம் என் பக்கம் திரும்பி, "போனை எடு, நம்ம கபீலாக்காரப் பையனுக்கு ஓட்டுப் போடு" என்றார். (கபீலா என்றால் குலம்.) அந்தப் பையன் அன்று சந்தத்தை இரண்டு இடத்தில் உடைத்ததாக அவரே கால் மணி நேரம் முன்னால்தான் திட்டியிருந்தார். என் செல்போனிலிருந்து எத்தனை எஸ்எம்எஸ் போனது என்று கணக்கில்லை. பேலன்ஸ் தீர்ந்ததும்தான் நிறுத்தச் சொன்னார்.